தடுமாறும் எழுத்தும் தவறிய மதிப்பெண்ணும்

முப்பது ஆண்டுகளுக்கு முன் என் இளங்கலைப் பொருளாதார வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். உப்பின் விலை ஏறினாலும் அதன் விற்பனை ஏன் குறைவதில்லை என்று கேட்டால், தம் தந்தையின் மளிகைக் கடையிலிருந்தே சான்று காட்டி விளக்குவார். விடைத்தாளிலோ எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். பாதி வினாக்களுக்கு விடையே இராது. 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதி, தேர்ச்சிக்குக் குறைவான மதிப்பெண் இட்டேன். மறு ஆண்டு அவர் கல்லூரிக்கு வரவில்லை. அவருக்கு இருந்தது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருந்திருக்கலாம் என்பது, என் பேரனுக்கு அது கண்டறியப்பட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

இக்குறைபாட்டை உலகம் அறிந்து நெடுங்காலம் ஆகிறது. ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் இச்சொல்லை உருவாக்கியது 1887-இல். கூர்மையான அறிவு இருந்தும் வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் 1896-இல் எழுதினார். பேச்சொலிகளைப் பிரித்துணர்ந்து எழுத்தோடு இணைப்பதில் ஏற்படும் இடர்ப்பாடே இதன் அடிப்படை என்பது இன்றைய புரிதல். பல நேரங்களில் இது குடும்ப வழியில் தொடர்கிறது. சோம்பலோ அறிவுக்குறைவோ இதற்குக் காரணம் அல்ல.

ஆங்கிலத்துக்கு மட்டுமே உரிய சிக்கல் இது என்ற எண்ணமும் தவறு. தமிழில் 247 எழுத்துகள் உள்ளன. 'கெ' என்பதில் முதலில் ஒலிப்பது மெய். முதலில் எழுதப்படுவதோ உயிர்க்குறி. 'கொ' என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. ல, ள, ழ வேறுபாடு பலரின் பேச்சிலேயே மங்கிவிட்டது. பிற குழந்தைகள் எளிதில் கடக்கும் இப்படிகளில் இக்குழந்தைகள் நின்றுவிடுகிறார்கள்.

சட்டம் இவர்களைக் கைவிடவில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடு, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. குறைபாட்டை விரைவில் கண்டறிதல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிக் குழந்தைகளிடையே கணக்கெடுப்பு, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை அச்சட்டத்தின் 16, 17-ஆம் பிரிவுகள் கூறுகின்றன.

ஆனால், இவ்வுரிமைகளில் பலவற்றைப் பெறச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மதிப்பீடு வேண்டும். மதிப்பீட்டுக்கு, குழந்தையின் தடுமாற்றத்தை முதலில் ஒருவர் இனங்காண வேண்டும். நகரத்தில் வசதியுள்ள பெற்றோர் உளவியலாளரைத் தேடிச் செல்வர். என் பேரனுக்கு அது வாய்த்தது. கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் குழந்தைக்கு 'மக்கு' என்ற பட்டமே வாய்க்கிறது. தகவலும் பணமும் உள்ளவருக்கே எட்டும் உரிமையைப் பொருளாதாரம் பயின்றவன் உரிமை என்று சொல்லமாட்டான், அது சலுகை.

செய்ய வேண்டியவை எட்டாதவை அல்ல. ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை வாசிப்பை அளவிட, 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தமிழகத்தில் இருக்கிறது. அதில் தொடர்ந்து பின்தங்கும் குழந்தைகளை முறையான மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். மதிப்பீடும் சான்றிதழும் வட்டார அளவிலேயே கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் முறை, ஆசிரியர் பயிற்சியின் கட்டாயப் பகுதியாக வேண்டும். கல்லூரி ஆசிரியர்களுக்கும் இவ்விழிப்புணர்வு தேவை. எனக்கு அது அன்று இல்லை.

அந்த மாணவரை வாய்மொழியாக ஐந்து நிமிடம் தேர்வு செய்திருந்தால், வகுப்பில் முதல் மதிப்பெண் அவருக்கே போயிருக்கும். அந்த விடைத்தாளை இனி நான் திருத்த இயலாது. இன்று திருத்திக்கொண்டிருப்பவர்களால் இயலும்.