யாரிடமிருந்து வந்த மெட்டு?

ஜூலை முதல் வாரத்தில் மில்டவுன் மால்பேக்குள் கார் நுழைவது கஷ்டம். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தில், அட்லாண்டிக் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் சின்ன ஊர். பெரிய தெரு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுதான் உண்டு. அந்த வாரம் தெருவில் போகிறவர்கள் தோளில் எல்லாம் வாத்தியப் பெட்டி தொங்கும். காலையில் பள்ளிக்கூட அறைகளிலும் வீட்டுக் கூடங்களிலும் வகுப்பு, மதியம் சொற்பொழிவு, ராத்திரி பப்களில் விடிய விடிய வாசிப்பு. 1973-இல் தொடங்கிய இந்தக் கோடைப் பள்ளிக்கு அதே ஆண்டு ஜனவரியில் இறந்துபோன உள்ளூர்த் தச்சர் ஒருவரின் பெயரை வைத்தார்கள். வில்லி கிளான்சி. சாகும்போது வயது 54. தச்சு அவருடைய பிழைப்பு. இலன் பைப், அதாவது முழங்கையால் துருத்தியை அமுக்கிக் காற்றேற்றி மடியில் வைத்து வாசிக்கும் ஐரிஷ் குழல், அவருடைய பெயருக்குக் காரணம்.

இறந்தவர் பெயரில் விழா எடுப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். இங்கே கவனிக்க வேண்டியது, நினைவுகூர்ந்தவர்களே ஒவ்வொருவராக நினைவுகூரப்படும் வரிசையில் போய்ச் சேர்ந்திருப்பது. பள்ளியின் தொடக்க நாள் சொற்பொழிவு பிரெண்டன் பிரனக் என்ற மெட்டுச் சேகரிப்பாளரின் நினைவாக நடக்கிறது. ஆரம்ப காலத்தில் இதே பள்ளிக்கு வந்து பேசிக்கொண்டிருந்தவர், 1985-இல் மறைந்தார். பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்ட்டின் டால்டி, வில்லியின் இளமைக்காலத் தோழர், பிரனக்குக்கும் முன்பே போய்விட்டார். பல பத்தாண்டுகள் பள்ளியைக் கட்டி நடத்திய முரிஷ் ஓ ரோஹான் 2011-இல் இறந்தார். இன்று காலை வகுப்பில் ஃபிடில் பிடிக்கும் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இவர்கள் எல்லாருமே சுவரில் தொங்கும் படங்கள்.

பள்ளியும் படமும் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?

செத்த வீட்டுக்கென்று ஒரு முறை இருந்தது. உடலை வீட்டிலேயே கிடத்தி ராத்திரி முழுக்க ஊர் விழித்திருக்கும். வந்தவர்களுக்கு மண் சுங்கானும் புகையிலையும் விஸ்கியும். மாரடித்து, இறந்தவரின் குலம் கோத்திரம் சொல்லி அழ ஒப்பாரிப் பெண்கள் இருந்தார்கள். நம் ஊர்ப் பாட்டி ஒருத்தியை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்திருந்தால் மொழி தெரியாமலே கூடச் சேர்ந்து அழுதிருப்பாள். பாதிரியார்கள் நெடுங்காலம் எதிர்த்ததில் ஒப்பாரி இருபதாம் நூற்றாண்டில் அநேகமாக மறைந்தே போனது. சாவுக்குப் பிறகு அன்று பெரும்பாலும் வாத்தியம் மௌனம்தான். துக்கம் விழுந்த வீட்டில் ஓராண்டுக்கு வாசிப்பு கூடாது, ஆட்டம் கூடாது என்ற கட்டுப்பாடு பல இடங்களில் இருந்தது. ஃபிடில் சுவரில் தொங்கியபடியே இருக்கும். இன்று நேர் தலைகீழ். கலைஞர் இறந்தால் தேவாலயத்திலும் கல்லறை ஓரத்திலும் சக கலைஞர்கள் கூடி வாசிக்கிறார்கள், இறந்தவரின் வாத்தியத்தைப் பீடத்துக்கு எடுத்துச் சென்று வைக்கிறார்கள். திருப்பலியில் உலகியல் மெட்டு எதற்கு என்று முணுமுணுக்கும் குருமார் உண்டு. ஊர் கண்டுகொள்வதில்லை.

ஆனால் உண்மையான நினைவு அன்று கல்லறையில் இல்லை, மெட்டுக்குள் இருந்தது. இந்த இசை கேள்வி ஞானத்தால் வந்தது. ரீல், ஜிக் என்ற நடன மெட்டுகளில் ஒன்றை வாசித்து முடித்ததும், அது யாரிடமிருந்து வந்தது என்று சொல்வது பழைய ஆட்களின் வழக்கம். நம் கச்சேரி ரசிகர்கள் பாடாந்தரம் கேட்பதைப் போலத்தான். இயற்றியவர் யார் என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, யாரும் கவலைப்படுவதும் இல்லை. கடைசியாக யாருடைய கையில் அழகாக இருந்ததோ அவர் பெயரே மெட்டுக்கு ஒட்டிக்கொள்ளும்.

கேரட் பாரியை எடுத்துக்கொள்ளலாம். 1847-இல், பெரும் பஞ்சத்தின் உச்சத்தில் பிறந்தவர். பார்வை கிடையாது. மேற்கு கிளேரில் வீடு வீடாகத் தங்கிப் பைப் வாசித்தே வாழ்ந்து 1899-இல் இறந்தார். அவர் வாசித்ததில் ஒரு நொடிகூடப் பதிவாகவில்லை. வில்லி கிளான்சி பிறந்ததே 1918-இல். இருந்தும் பாரியின் மெட்டுகள் வில்லியிடம் வந்து சேர்ந்தன, அப்பா வழியாக. அப்பா கில்பர்ட் பாரியை நேரில் கேட்டவர். ஆனால் அவருக்குக் கைவந்தது புல்லாங்குழலும் கான்சர்டினா என்ற சிறு கைத்துருத்தி வாத்தியமும். ஆக, ஒரு குருட்டுப் பைப் கலைஞரின் மெட்டு, ஒரு புல்லாங்குழலுக்குள் புகுந்து, மகனுடைய பைப்பில் வெளியே வந்தது. வழியில் எவ்வளவு மாறியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? ‘கேரட் பாரி ஜிக்’ இன்றும் மாணவர்களின் விரலில் இருக்கிறது. பாரிக்கு அது அடையாளம் தெரியுமா என்பது சந்தேகம்தான். அதனால் நினைவு பொய்யாகிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வில்லியைப் பைப் பக்கம் இழுத்தவர் இன்னொருவர். ஜானி டோரன், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். குதிரை வண்டியில் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய்ச் சந்தையிலும் குதிரைப் பந்தயத் திடலிலும் வாசிப்பார். 1936-இல் மில்டவுன் பந்தயத்தில் அவரைக் கேட்ட பதினேழு வயது வில்லி அதற்குப் பிறகு பழைய வில்லி இல்லை. போகும் இடமெல்லாம் பின்னால் போய்க் கேட்டார். முதல் பைப் கிடைத்ததும் ஜானியின் தம்பி ஃபீலிக்ஸ் மூலமாகத்தான். ஆனால் வில்லி பெரிய ஆளானபோது டோரனின் நகல் ஆகவில்லை. டோரனுடையது காட்டாற்று வேகம். வில்லியினுடையது நிதானமும் குறும்பும். கேட்டது எல்லாம் நினைவில் நிற்காது, நின்றது எல்லாம் விரலுக்கு வராது, வந்ததும் தன் சாயலில்தான் வரும். இந்த இடைவெளியில்தான் அன்று ஒருவரின் பாணி உருவானது.

டோரனின் கதை மோசமாக முடிந்தது. 1947 கடைசியில் அவர் டப்ளினில் தங்கியிருந்தபோது, கிளேரைச் சேர்ந்த ஃபிடில் கலைஞர் ஜான் கெல்லி, இந்த மனுஷனைப் பதிவு செய்யுங்கள் என்று ஐரிஷ் நாட்டார் ஆணையத்தின் கெவின் டேனஹரைத் தூண்டினார். சில அசிடேட் தட்டுகளில் பதிவு நடந்தது. சில வாரங்களில், 1948 ஜனவரியில், புயல் காற்றில் ஒரு சுவர் இடிந்து அவருடைய வண்டி மேல் விழுந்தது. இடுப்புக்குக் கீழே செயலிழந்து, 1950-இல் இறந்தார். அந்தத் தட்டுகள் 1988-இல்தான் முழுத் தொகுப்பாக வெளியாயின. இன்று டோக்கியோவில் பைப் கற்கும் ஒருவரும் டோரனின் அந்த ஒரு நாள் வாசிப்பை ஒரு சுழிப்பு விடாமல் எடுக்க முயல்கிறார். வில்லிக்குக் கிடைத்த டோரன் வேறு ஆள்: திடலுக்குத் திடல் வேறு வேறாக வாசித்தவர். மறுநாள் அவரே மாற்றியிருக்கக்கூடிய ஒன்று இன்று பாடத்திட்டம் ஆகிவிட்டது.

பதிவு இல்லாமல் இருந்தால் அதுவும் மிஞ்சியிருக்காது என்பது உண்மை. இந்த இசை அழிவின் விளிம்பு வரை போய் வந்தது. 1935-இல் பொது நடனக் கூடச் சட்டம் வந்தது. நடனம் நடத்த உரிமம் வேண்டும் என்றது. சட்டம் பேசியது பொது நடனத்தைப் பற்றி. பாதிரியாரும் போலீஸும் சேர்ந்து அதை வீட்டு அடுக்களை வரைக்கும் நீட்டிவிட்டார்கள். அதுவரை நடனம் என்றால் அடுக்களைதான். கணப்பு ஓரத்தில் ஒரு ஃபிடிலோ கான்சர்டினாவோ. கல் பாவிய தரையில் நான்கு ஜோடி நின்றால் ஒரு செட். தரைக் கல்லுக்கு அடியில் குதிரையின் மண்டையோட்டைப் புதைத்தால் காலடி கணீரென்று கேட்கும் என்று நம்பி, அப்படியே புதைத்தும் வைத்தார்கள். பழைய வீடுகளின் தரையைப் பெயர்த்தபோது அவை அகப்பட்டிருக்கின்றன. சட்டத்துக்குப் பிறகு நடனம் தேவாலயக் கூடத்துக்குப் போனது, நுழைவுக் கட்டணம் வந்தது. பெரிய கூடத்தில் ஒற்றை ஃபிடில் எடுபடாது, ஆகவே பத்துப் பேர் கொண்ட ‘கேலி’ (céilí, ஐரிஷ் நடனக் கூட்டம்) வாத்தியக் குழுக்கள் தலையெடுத்தன. வீட்டில் மட்டும் வாசித்துக்கொண்டிருந்த கிழவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே நாற்காலி இல்லை.

இந்த மாற்றத்தை நேரில் பார்த்தவர் ஜூனியர் கிரீஹன். 1908-இல் பிறந்து 1998-இல் மறைந்த விவசாயி, ஃபிடில் கலைஞர், கதைசொல்லி. பக்கத்து ஊரான அன்னாவைச் சேர்ந்த ஸ்கல்லி கேசியிடம் கற்றவர். அவர் ஓர் இரங்கல் மெட்டு கட்டினார், எந்த மனிதருக்காகவும் அல்ல, வீட்டு நடனத்துக்காக. ஒரு பழக்கம் செத்துப்போனதற்கு ஒப்பாரி வைத்த கலைஞர் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பிறகு வறுமை. 1950-களில் மட்டும் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் அயர்லாந்தை விட்டுப் போனார்கள். வில்லியும் ஸ்கல்லியின் மகன் பாபி கேசியும் லண்டனில் பிழைப்புத் தேடியவர்கள்தான். அப்பா இறந்தபோது, 1957-இல், வில்லி ஊர் திரும்பிவிட்டார். பாபி இங்கிலாந்திலேயே தங்கி 2000-இல் இறந்தார். சுற்றுலாப் பயணிகள் ஆதிகாலத்து வழக்கம் என்று நம்பி ரசிக்கும் பப் வாசிப்பு, உண்மையில் வீடு இல்லாத இந்த லண்டன் தொழிலாளிகளிடம் வளர்ந்து ஊருக்குத் திரும்பியது. பப் உரிமையாளர்கள் இதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள்.

1973 ஜனவரியில் வில்லி போனார், டிசம்பரில் அக்கார்டியன் கலைஞர் ஜோ கூலி போனார். லியோ ரவுசம் என்ற பைப் ஆசான் மூன்று ஆண்டு முன்பே போயிருந்தார். ஒரு தலைமுறையே கண்ணெதிரே கழன்றுகொண்டிருக்கிறது என்ற பயம் அப்போதுதான் எல்லாரையும் பிடித்தது. அந்தப் பயத்தின் பலன்தான் இன்று நாம் பார்ப்பதெல்லாம்: கோடைப் பள்ளி, 1987-இல் டப்ளினில் தொடங்கிய ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகம், ‘கம் வெஸ்ட் அலாங் தி ரோட்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் உயிர்பெற்று வந்த பழைய கறுப்பு வெள்ளைக் காட்சிகள். தாத்தா வாசித்ததைக் கேட்டிராத பேரன் காப்பகத்தில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டுவிட்டுப் போகிறான். இதை யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இப்போது பப்பில் தெரியாத மெட்டு ஒன்று காதில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியதில்லை. ட்யூன்பால் என்ற செயலியைத் திறந்து சில நொடி கேட்க வைத்தால் போதும், மெட்டின் பெயரும் சுரக்குறிப்பும் திரையில் வந்து நிற்கும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது வராது. பக்கத்தில் இருக்கும் கிழவரைக் கேட்டிருந்தால் பெயரைத் தப்பாகச் சொல்லியிருப்பார். ஆனால் செத்துப்போன மூன்று பேரைப் பற்றிச் சொல்லி, அதில் ஒருவருக்குக் குடி அதிகம் என்றும் சொல்லியிருப்பார்.

சாவுச் செய்தி ஊருக்குப் பரவும் விதமும் மாறிவிட்டது. முன்பு வாய்வழி, பிறகு உள்ளூர் வானொலியில் தினமும் வாசிக்கும் மரண அறிவிப்பு, இன்று கைபேசியில் இணைய அறிவிப்பு, பாஸ்டனில் இருக்கும் உறவினருக்கும் அதே நிமிடத்தில். 2020 வசந்தத்தில் இறுதிச் சடங்குக்குப் பத்துப் பேர் என்று அரசு வரம்பு விதித்தபோது, சவ வண்டி போகும் சாலையின் இரு பக்கமும் ஊரார் இடைவெளி விட்டு வரிசையாக நின்றார்கள். அந்த ஜூலையில் மில்டவுன் பள்ளியும் நடக்கவில்லை.

மெட்டாவது பதிவில் நிற்கும். நடனக்காரர்களின் நிலை இன்னும் சிக்கல். ஒலிப்பதிவில் கால் தெரியாது. ஷானன் ஆற்றங்கரை லாபஷீடாவின் டான் ஃபியூரி, நடன வாத்தியார் என்ற பழைய தொழிலின் கடைசிக் கண்ணிகளில் ஒருவர். தள்ளாத வயதிலும் ஜேம்ஸ் கீன் என்பவரோடு சேர்ந்து பழைய தனி நடனங்களை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவை பிழைத்தது வீடியோ வந்ததாலும், அதைவிட, கற்க வந்தவர்கள் ஆடிப் பார்த்ததாலும். இப்போது அவர் பெயரில் அவர் ஊரில் விழா நடக்கிறது. வருகிறவர்கள் பேச்சுக் கேட்பதைக் காட்டிலும் ஆடுவதே அதிகம்.

கடைசியாக ஒரு பெண். கிட்டி ஹேஸ், மில்டவுன் பக்கம். கான்சர்டினா அந்த வட்டாரத்தில் பெண்களின் வாத்தியம். மலிவான ஜெர்மன் கான்சர்டினா இல்லாத வீடு குறைவு. கல்யாணமானதும் கிட்டி அதை எடுத்து வைத்துவிட்டார். கணவர் ஜோஸி புல்லாங்குழல் கலைஞர், ‘கேலி’ வாத்தியக் குழுவில் வாசித்தவர். வெளியே போய் வாசிப்பது அவர், வீட்டைப் பார்த்துக்கொள்வது இவர். பல பத்தாண்டுகள் இப்படி. ஜோஸி இறந்த பிறகு கிட்டி வாத்தியத்தை மறுபடி கையில் எடுத்தார். எழுபதைத் தாண்டிய வயதில் இசைத்தட்டு வெளியிட்டார். 2008-இல் மறைந்தார். அந்தத் தட்டில் கேட்பது 1930, 40-களின் அடுக்களை வாசிப்பு. அந்தக் காலத்து ஆண்கள் மாற்றிக்கொண்டுவிட்ட ஒன்று, இவர் வாசிக்காமல் இருந்ததாலேயே மாறாமல் இருந்திருக்கிறது. மெட்டுகளின் பெயர்ப் பட்டியலைப் புரட்டினால் பாரி, கேசி, கிரீஹன், கூலி என்று ஆண் பெயராகவே வரும். அவர்களில் எத்தனை பேர் அம்மாவிடம் கற்றார்கள் என்று இப்போது மெட்டுக்கு மெட்டு தேடிக்கொண்டிருக்கிறார்கள். எழுதி வைத்த சான்று அதிகமில்லை. அந்த அம்மாக்களைக் கேட்டவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள்.