பனியே இல்லாத ஊரில் ஃபிகர் ஸ்கேட்டிங்... சாத்தியமா?

பூதப்பாண்டியில் மழைக்குப் பஞ்சமில்லை; பனித்தளம்தான் கிடையாது. 'அப்போ ஃபிகர் ஸ்கேட்டிங்கை டிவியில பார்க்கிறதோட சரியா?' என்றால், இல்லை. அதே துள்ளல், அதே சுழற்சி சக்கரத்திலும் உண்டு. பெயர் ஆர்ட்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங். வழுவழுப்பான தரை போதும்.

இதில் சாதித்தவர் ஹைதராபாத்தின் அனுப் குமார் யாமா. 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்போர்ட்ஸ் முதன்முறையாக இடம்பெற்றது. அங்கே ஒற்றையரில் ஒரு வெண்கலம், அவனி பஞ்சாலுடன் ஜோடிப் பிரிவில் இன்னொரு வெண்கலம். 2015இல் அர்ஜுனா விருது.

ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஒற்றையரில் தவறினால் நஷ்டம் உங்களுக்கு மட்டும். ஜோடியில் துணையைத் தலைக்கு மேல் தூக்கியபடியே உருள வேண்டும். ஒருவர் கணக்கு தப்பினால் அடி இருவருக்கும்.

சரி, அடுத்து என்ன?

சிக்கலே இங்குதான். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்போர்ட்ஸே இல்லை. 2018இல் ஜகார்த்தாவில் திரும்பியபோதும் ஆர்ட்டிஸ்டிக் பிரிவு வரவில்லை. அந்த இரண்டு முறையும், பதக்கம் வென்றவருக்கு ஆசிய விளையாட்டில் அதைத் தக்கவைக்க மேடையே இருக்கவில்லை.

பிள்ளைக்கு ஸ்கேட்ஸ் வாங்கும் முன் ஒன்றை யோசியுங்கள்: உழைப்பு நம் கையில், போட்டிப் பட்டியல் நம் கையில் இல்லை.