நினைவகமும் வட்டும்

மளிகைக் கடையில் துவரம்பருப்பின் விலையைக் கேட்டால் கடைக்காரர் உடனே கூறிவிடுகிறார். நம் வீட்டுக் கடன்பாக்கியைக் கேட்டாலோ பேரேட்டை எடுத்துப் புரட்டுகிறார். விலை அவர் நினைவில் உள்ளது. பாக்கி ஏட்டில் உள்ளது. கணிப்பொறிக்கும் இவ்விருவகை இடங்கள் உண்டு. அவை நினைவகம், வட்டு எனப்படும்.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்னும் பொறியை வெளியிட்டது. காந்த வட்டுடன் விற்பனைக்கு வந்த முதற் கணிப்பொறி அதுவே. இரண்டடி விட்டமுள்ள 50 வட்டுகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து கொண்டவை 50 இலட்சம் எழுத்துகளே! ஒரு பதிவைத் தேடியடைய அரை நொடிக்கு மேலாயிற்று. இன்றைய வட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்வது. ஆயினும், படிக்கும் முனை நகர்ந்து, உரிய பகுதி சுழன்று வந்து சேர்வதற்குள் நொடியில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு கழிகிறது. நினைவகத்தில் அசையும் உறுப்பு இல்லை. நொடியில் கோடியிலொரு பங்கு அதற்குப் போதும். இரண்டிற்கும் வேறுபாடு இலட்சம் மடங்கு. சுழலாத திண்ம வட்டுகள் இன்று பெருகியுள்ளன. அவையும் நினைவகத்தின் விரைவை எட்டவில்லை.

ஓர் ஆலையில் ஓர் இலட்சம் தொழிலாளர் உளர் என்று கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஐந்து வகைப் படிகளின் விகிதத்தைக் காணவேண்டும். ஒவ்வொரு முறையும் வட்டை நாடினால், தேடுவதற்கு மட்டும் 5,000 நொடி, அஃதாவது 83 நிமிடம் வேண்டும். எனவே கோபால் மொழியில் நிரல் எழுதுவோர், விகிதங்களைத் தொடக்கத்திலேயே ஒருமுறை படித்து நினைவகத்தில் அட்டவணையாக அமைத்துக்கொள்வர். வரிசைப்படுத்திய அட்டவணையாயின், பாதி பாதியாகப் பகுத்துத் தேடலாம்; 1,000 வரிகளுள் ஒன்றைக் காணப் பத்து ஒப்பீடுகளே மிகுதி.

அங்ஙனமாயின் தொழிலாளர் பதிவுகளையும் நினைவகத்தில் ஏற்றிவிடலாமே எனின், அதனாற் பயனில்லை. ஒவ்வொரு பதிவும் ஒருமுறையே படிக்கப்படுகிறது. வட்டிலிருந்து வரிசையாகப் படித்துச் செல்வதே போதும். மேலும், மின்சாரம் நின்றால் நினைவகத்தில் இருந்தவை மறையும். வட்டில் எழுதியவை நிற்கும்.

இன்னுமோர் இடர் உண்டு. 200 வரிகளுக்கென வகுத்த அட்டவணையில் 201ஆவது விகிதம் வந்து சேரலாம். நிரல் அதனைக் கவனியாவிடின், அவ்வரி பக்கத்து இடத்தில் பதிந்து, அங்கிருந்த வேறு எண்ணை அழித்துவிடும். பொறி முறையிடாது, யாரோ ஒருவருக்கு அம்மாத ஊதியம் குறைந்து வரும். இதனாலேயே தேர்ந்த நிரலர், வரிகளை எண்ணிக்கொண்டே ஏற்றி, இடம் நிறைந்ததும் வேலையை நிறுத்தி அறிவிக்குமாறு எழுதிவைப்பர்.