செம்மறியின் நிர்ப்பீடனச் செல்வம்

மாரிமழை பெய்தோய்ந்து, பனிச்சங்கேணிக் களப்பை அண்டிய வாகரைப் புற்றரைகளெல்லாம் ஈரத்தில் ஊறிக்கிடக்கும் தை மாதத்தில், ஆடு வளர்ப்போர் முதலில் அஞ்சவேண்டிய சத்துரு, இரைப்பையின் நான்காம் அறையிலே ஒட்டியிருந்து இரத்தத்தை உறிஞ்சிக் குடிக்கும், ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுள்ள ஈமொன்கசு என்னும் உருளைப்புழுவாகும். பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் இடும் முட்டைகள் சாணத்தோடு நிலத்தில் விழுந்து பொரிக்க, இளம்புழுக்கள் நனைந்த புல்லின்மீது ஏறிநின்று அடுத்த வாயை எதிர்பார்க்கின்றன. இரத்தம் குன்றிய ஆட்டின் கீழிமை வெளிறும். தாடையின் கீழ் நீர் கோத்து வீங்கும்.

ஆயினும், ஒரே புல்லை மேய்ந்த ஒரே பட்டியில் சில மறிகள் மடிய, சில யாதொரு விக்கினமுமின்றி நிற்பது ஏன்? தீனியும் வயதும் ஒருபுறம் காரணமாயின், பரம்பரை மறுபுறம் எனலாம். செம்மறியின் இருபத்தேழு சோடி நிறமூர்த்தங்களுள் இருபதாவதிலே, நிர்ப்பீடனத்துக்குரிய பரம்பரையலகுகள் ஒரு கூட்டமாக அமைந்துள்ளன. சரீரத்துட் புகுந்த அந்நியப் பொருளின் துணுக்குகளை ஏந்திக் கலத்தின் மேற்பரப்பிலே வெண்குழியங்களுக்குக் காட்டும் புரதங்களை ஆக்குவன இவையே. காட்டப்படாத துணுக்கை அவ்வெண்குழியங்கள் சத்துருவென்று அறிவதில்லை. எலிகளைக் கொண்டு இவ்வுண்மையைக் கன்பராவிலே கண்டறிந்த டொகெற்றி, சிங்கர்நாகல் என்னும் விஞ்ஞானிகள் இருவரும் 1996இல் நோபெல் பரிசு பெற்றனர். பரம்பரையலகின் மாற்றுவடிவமாகிய எதிருரு ஒவ்வொன்றுக்கும் துணுக்கைத் தாங்கும் பள்ளம் வேறுபடுதலால், தாய்வழி ஒன்றும் தந்தைவழி மற்றொன்றுமாக இருவேறு எதிருருக்களைப் பெற்ற குட்டி கூடுதலான வகைத் துணுக்குகளை ஏந்த வல்லதாகிறது. இப்பரம்பரையலகுகளுள் டி.ஆர்.பி.1 என்பதன் எதிருருக்களோ அநேகம்.

ஸ்கொத்லாந்துக்கு மேற்கே, செயின்ற் கில்டாத் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஹேர்ட்டாவிலே 1932இல் கொணர்ந்து விடப்பட்ட 107 சோயே இனச் செம்மறிகளின் சந்ததி, மருந்தும் மேய்ப்பனுமின்றி இன்றும் வாழ்கின்றது. அங்கே புழு வேறு, நியாயம் ஒன்றே. இக்கூட்டத்திலுள்ள சில எதிருருக்கள் குட்டிகளின் பிழைப்போடும் புழுவை எதிர்க்கும் சக்தியோடும் தொடர்புற்றிருத்தலை 1998இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. இத்தனை சிறு கூட்டத்திலும் வேற்றுமை அழியாமல் நின்றதே எனக்குப் பெருவியப்பாகும்.

வெள்ளாட்டை நோக்கச் செம்மறி மிகச் சொற்பமாயுள்ள இலங்கையிலே, நாட்டினமென எஞ்சியிருப்பது யாழ்ப்பாணச் செம்மறி. அதனைப் பெரிதாக்கும் ஆசையால் பருத்த அந்நியக் கிடாய் ஒன்றையே ஊர் முழுதுக்கும் விடுவது, பார்வைக்கு இலாபமாயினும், எதிருருக்களைச் சில தலைமுறைக்குள் குறைத்துவிடும் காரியமாகும். பூச்சிமருந்துக்கும் அடங்காத புழுக்கள் பல தேசங்களில் தோன்றிவிட்ட இக்காலத்தில், மாரி முடியுந் தறுவாயில் கீழிமையைத் திருப்பிப் பார்த்து, சிவப்புக் குன்றாத மறிகளின் குட்டிகளைச் சினைக்கென நிறுத்துவதும், அயலூர்ப் பட்டிகளோடு கிடாய்களைத் தவறாது மாற்றிக்கொள்வதும் செலவில்லாத உபாயங்கள்.