தீம் பார்க் டிக்கெட் 1,450 ரூபாய்தான்... ஆனா ஆளுக்கு 3,617 ரூபாய் செலவாச்சு! எப்படி?



"டேய், இந்த சனிக்கிழமை தீம் பார்க் போலாமா? ஆளுக்கு 1,500 ரூபாதான்."

வாட்ஸ்அப் குரூப்ல இப்படி ஒரு மெசேஜ் வந்தா அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் "நான் ரெடி"ன்னு கட்டை விரலைத் தூக்கிடுவோம். மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க குரூப்ல அந்த மெசேஜைப் போட்டவன் நான்தான். காலேஜ்ல ஒண்ணா படிச்ச ஆறு பேர், எல்லாரும் சென்னையில வேலை. அந்த ஒரு நாள் ரொம்ப ஜாலியா போச்சு. ஆனா அதோட பில் எனக்கு ரெண்டு மாசம் வலிச்சுது. என் நண்பன் ஒருத்தனுக்கு அதைவிட அதிகமா வலிச்சிருக்கு. அது எனக்குத் தெரியவே எட்டு மாசம் ஆச்சு.

"தீம் பார்க்குக்குப் போகாதீங்க, அந்தக் காசை எஸ்ஐபியில போடுங்க"ன்னு சொல்ற பதிவு இது இல்லை. வாரம் முழுக்க லேப்டாப் முன்னாடி உட்கார்றவங்களுக்கு நண்பர்களோட ஒரு நாள் கத்திக் கூச்சல் போடுறது அவசியம்தான். அதை யாருக்கும் பாரமில்லாம எப்படிச் செய்யலாம்னு பார்ப்போம்.

அந்த நாளோட முழு பில்

ஆறு பேருக்கும் சேர்த்து ஆன செலவு இது:

- டிக்கெட் (6 x 1,450): 8,700
- போக, வர வண்டி: 3,600
- வழியில காலை டிபன்: 780
- லாக்கர்: 400
- தண்ணி ரைடுக்கு டிரெஸ், 4 பேருக்கு: 1,800
- மதிய சாப்பாடு: 2,100
- தண்ணி பாட்டில், ஐஸ்கிரீம், ஸ்நாக்ஸ்: 1,320
- போட்டோ: 600
- திரும்பி வரும்போது பிரியாணி: 2,400

மொத்தம் 21,700 ரூபாய். ஆறால வகுத்தா ஆளுக்கு 3,617.

டிக்கெட் இதுல 40 சதவீதம்தான். மீதி 60 சதவீதத்தைப் பத்தி நான் குரூப்ல ஒரு வார்த்தைகூடச் சொல்லலை. பொய் சொல்லணும்னு இல்லை, நானே யோசிக்கலை. "1,500 ரூபா"ன்னு சொன்னப்போ என் மனசுல இருந்தது டிக்கெட் மட்டும்தான்.

இதை வேற மாதிரி பாருங்க. மாசம் 25,000 சம்பளம்னு வெச்சுக்கோங்க. 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம்னா மொத்தம் 208 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 120 ரூபாய். 3,617 ரூபாய்ங்கிறது 30 மணி நேர உழைப்பு. ஒரு நாள் ஜாலிக்குக் கிட்டத்தட்ட நாலு நாள் வேலை!

பார்க்ல காசு எங்கெங்க போகுது?

நம்மளை ஏமாத்துறாங்கன்னு இல்லை. தீம் பார்க் பிசினஸே அப்படித்தான். ரோலர் கோஸ்டர்ல 10 பேர் உட்கார்ந்தாலும் 24 பேர் உட்கார்ந்தாலும் கரண்ட், பராமரிப்பு, ஆபரேட்டர் சம்பளம் எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான். அதனால கூட்டம் இல்லாத நாள்ல விலையைக் குறைச்சாவது ஆளை வரவைக்கணும். கூட்டம் வர்ற நாள்ல விலையை ஏத்தலாம். வார நாளுக்கு ஒரு ரேட்டு, சனி ஞாயிறு, லீவு நாளுக்கு வேற ரேட்டு இருக்கிறதுக்கு இதான் காரணம்.

உள்ள போனதும் அடுத்த வருமானம் ஆரம்பிக்குது. பெரிய பார்க் கம்பெனிகள் தங்களோட நிதி அறிக்கையிலேயே ஒரு ஆள்கிட்ட இருந்து டிக்கெட்ல எவ்வளவு வருது, டிக்கெட் இல்லாம எவ்வளவு வருதுன்னு தனித்தனியா காட்டுவாங்க. அந்த ரெண்டாவது கணக்குல வர்றது நம்ம சாப்பாடு, டிரெஸ், லாக்கர், போட்டோ எல்லாம்.

கவனிக்க வேண்டிய நாலு விஷயம்:

1. டிரெஸ்: பல பார்க்ல காட்டன், ஜீன்ஸ் போட்டுட்டு தண்ணி ரைடுல ஏற விடமாட்டாங்க. நைலான், பாலியஸ்டர் மாதிரி துணிதான் வேணும். இது தெரியாம போனா உள்ள இருக்கிற கடையில வாங்கியே ஆகணும். எங்க 1,800 ரூபாய் அப்படித்தான் போச்சு. அந்த ஷார்ட்ஸை அதுக்கப்புறம் யாரும் போடவே இல்லை.

2. ஜிஎஸ்டி: தீம் பார்க் டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2017ல 28 சதவீதமா ஆரம்பிச்சு 2018 ஜனவரியில 18 ஆக்கினாங்க. விளம்பரத்துல பார்க்கிற ரேட்டுல வரி சேர்ந்திருக்கான்னு பாருங்க. 1,200 ரூபாய் டிக்கெட்டுக்கு வரி தனின்னா, கட்டும்போது 1,416 ஆகிடும்.

3. வெளிச் சாப்பாடு: பெரும்பாலும் உள்ள விடமாட்டாங்க. காலையில வயிறு நிறைய சாப்பிட்டுட்டுப் போனா உள்ள ஒரு வேளைச் செலவோட முடிச்சுடலாம்.

4. ஃபாஸ்ட் டிராக்: கியூவுல நிக்காம போறதுக்குக் கூடுதல் காசு. கூட்டமான சனிக்கிழமையில இதுக்கு அர்த்தம் இருக்கலாம். ஆனா வார நாள்லயே போயிட்டா இது தேவைப்படாது. கூட்டத்துக்குப் போயிட்டு, கூட்டத்துல இருந்து தப்பிக்க இன்னொரு டிக்கெட் எதுக்கு?

"நான் கார்டுல போடுறேன், அப்புறம் குடுங்கடா"

அந்த ட்ரிப்ல பெரிய செலவெல்லாம் என் கிரெடிட் கார்டுல போட்டேன். ரிவார்டு பாயிண்ட் கிடைக்கும்ல! அன்னைக்கு ராத்திரியே ஒருத்தன் அவன் பங்கை அனுப்பிட்டான். ரெண்டு நாள்ல இன்னும் ரெண்டு பேர். மீதி ரெண்டு பேர், "சம்பளம் வரட்டும் மச்சி".

கேக்கவும் கூச்சம், கேக்காம இருக்கவும் முடியலை. அந்த மாச பில் 24,000. என்னால 16,000தான் கட்ட முடிஞ்சுது. பாக்கி 8,000. வட்டி மாசம் 3.5 சதவீதம், அதாவது 280 ரூபாய்தானேன்னு நினைச்சேன்.

அடுத்த ஸ்டேட்மென்ட்ல வட்டியும் வரியும் சேர்த்து 1,400 ரூபாய்க்கு மேல!

ஏன்னா கிரெடிட் கார்டு வட்டி பாக்கித் தொகைக்கு மட்டும் இல்லை. முழு பில்லையும் கட்டலைன்னா, செலவு பண்ண தேதியில இருந்தே வட்டி கணக்கு ஆரம்பிச்சுடும். மாசம் 3.5 சதவீதம்னா வருஷத்துக்கு 42 சதவீதம். எளிமைக்காக எல்லாச் செலவும் ஒரே நாள்ல ஆச்சுன்னு வெச்சுப்போம்:

- 24,000 ரூபாய்க்கு, நான் பணம் கட்டின தேதி வரைக்கும் 35 நாள்: சுமார் 967
- மீதி 8,000 ரூபாய்க்கு அடுத்த 25 நாள்: சுமார் 230
- இந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி: சுமார் 215

மொத்தம் சுமார் 1,412 ரூபாய். இது போதாதுன்னு, பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசா கார்டுல தேய்க்கிற செலவுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. "மினிமம் டியூ" கட்டினா லேட் ஃபீஸ்ல இருந்துதான் தப்பிக்கலாம், வட்டியில இருந்து இல்லை.

முதல்ல பணம் அனுப்பினவன்

அன்னைக்கு ராத்திரியே 3,617 ரூபாய் அனுப்பினான்னு சொன்னேனே, அவனைப் பத்திச் சொல்லணும்.

எங்க ஆறு பேர்ல அவனுக்குத்தான் சம்பளம் கம்மி. 17,000. பிஜி வாடகை, ஊருக்கு அனுப்புறது போக கையில நிக்கிறது கொஞ்சம்தான். அது எங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த நாள்ல யாருக்கும் ஞாபகம் வரலை.

அந்த ட்ரிப்புக்கு அப்புறம் அவன் எந்த பிளானுக்கும் வரலை. "ஷிப்ட் இருக்குடா", "உடம்பு சரியில்லைடா"ன்னு ஏதாவது ஒரு காரணம். "அவன் மாறிட்டான்"னு நாங்களே பேசிக்கிட்டோம். எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் டீக்கடையில நானும் அவனும் மட்டும் இருந்தப்போதான் சொன்னான். அந்தப் பணத்தை அவன் ஒரு லோன் ஆப்ல இருந்து எடுத்திருக்கான்.

5,000 ரூபாய் லோன். பிராசஸிங் ஃபீஸ் 600 பிடிச்சுக்கிட்டு கையில வந்தது 4,400. முப்பது நாள்ல திருப்பிக் கட்டினது 5,150. அதாவது 4,400 ரூபாய்க்கு ஒரு மாசத்துக்கு 750 ரூபாய். மாசத்துக்கு 17 சதவீதம், வருஷக் கணக்குல 200 சதவீதத்துக்கு மேல! அதைக் கட்டினதால அடுத்த மாசம் கை காலி, மறுபடியும் ஒரு லோன். இப்படியே நாலு மாசம் ஓடியிருக்கு.

"ஏன்டா சொல்லலை?"ன்னு கேட்டேன்.

"போறதுக்கு முன்னாடி உன்னால எவ்வளவு முடியும்னு யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்டா. எல்லாரும் ஓகே போட்டதுக்கு அப்புறம் நான் மட்டும் எப்படி முடியாதுன்னு சொல்றது?"

எனக்குப் பதில் இல்லை. அவனைவிட ரெண்டு மடங்கு சம்பளம் வாங்கின ரெண்டு பேர் "சம்பளம் வரட்டும்"னு இழுத்தாங்க. அவன் மட்டும் கடன் வாங்கி அன்னைக்கே கட்டினான். கம்மியா சம்பாதிக்கிறவனுக்குத்தான் கௌரவம் பெரிசா தெரியும் போல.

ஒருவேளை நீங்களும் லோன் ஆப் பக்கம் போறதா இருந்தா ஒரு விஷயம். ரிசர்வ் வங்கி விதிப்படி, லோன் எடுக்கிறதுக்கு முன்னாடியே எல்லாக் கட்டணமும் சேர்த்து வருஷ வட்டி எவ்வளவுன்னு "கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்"ல காட்டியே ஆகணும். அந்த நம்பரைப் பார்க்காம "ஓகே"வை அமுக்காதீங்க.

ரெண்டாவது ட்ரிப்: என்ன மாத்தினோம்?

போன வருஷம் மறுபடியும் அதே ஆறு பேர் போனோம். இந்தத் தடவை குரூப்ல நான் போட்ட மெசேஜ் இது:

"ட்ரிப் போலாம். வீட்ல இருந்து கிளம்பி வீடு வந்து சேர்ற வரைக்கும், எல்லாம் சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு செலவு பண்ண முடியும்? எனக்கு மட்டும் தனியா மெசேஜ் பண்ணுங்க. யார் எவ்வளவு சொன்னாங்கன்னு வெளிய சொல்ல மாட்டேன்."

வந்த நம்பர்கள்ல குறைஞ்சது 2,000. அதுதான் எங்க பட்ஜெட். சராசரி எடுக்கலை, குறைஞ்சதை எடுத்தோம். 4,000 முடியும்னு சொன்னவனுக்கு 2,000ல போறதுல நஷ்டம் எதுவும் இல்லையே!

ஆளுக்கு ஆன செலவு:

- வார நாள் டிக்கெட், ஆன்லைன்ல முன்கூட்டியே: 1,150
- போக, வர பஸ்: 140
- காலை டிபன்: 80
- லாக்கர் பங்கு: 70
- மதிய சாப்பாடு: 300
- தண்ணி, ஸ்நாக்ஸ்: 100
- ராத்திரி பரோட்டா: 120

மொத்தம் 1,960. போன தடவையைவிட 1,657 ரூபாய் கம்மி. கூட்டமும் கம்மி, அதனால போன தடவையைவிட அதிக ரைடு போனோம். செவ்வாய்க்கிழமைங்கிறதால எல்லாரும் ஒரு சிஎல் போட்டோம். உங்களுக்கு சிஎல் இல்லாம சம்பளம் பிடிப்பாங்கன்னா அந்த ஒரு நாள் சம்பளத்தையும் செலவுக் கணக்குல சேருங்க. அப்போ சனிக்கிழமையே லாபமா இருக்கலாம்.

கிரெடிட் கார்டு இல்லை. ஒரு வாரம் முன்னாடியே ஆறு பேரும் ஆளுக்கு 2,000 ஒருத்தன் அக்கவுண்ட்ல போட்டோம். எல்லாச் செலவும் அதுல இருந்துதான். மீதி இருந்த 240 ரூபாய்க்குக் கிளம்புறதுக்கு முன்னாடி டீயும் பஜ்ஜியும்.

நீங்க செய்ய வேண்டியது

1. டிக்கெட் விலையைச் சொல்லாதீங்க, வீட்ல இருந்து வீடு வரைக்கும் ஆகிற மொத்தச் செலவைச் சொல்லுங்க.
2. எவ்வளவு முடியும்னு தனியா கேளுங்க. குறைஞ்ச நம்பர்தான் பட்ஜெட்.
3. அந்த நம்பர் ரொம்பக் கம்மியா வந்தா இடத்தை மாத்துங்க. 500 ரூபாய்க்கு மாமல்லபுரம் பஸ்ல போய்ட்டு வரலாம். "உனக்கு நான் போடுறேன்டா"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லாதீங்க.
4. பணத்தை முதல்லயே ஒரே இடத்துல சேருங்க.
5. சம்பளம் வந்த அன்னைக்கே மாசம் 500 ரூபாய் "ஜாலி ஃபண்ட்"னு தனியா எடுத்து வைங்க. வருஷத்துக்கு 6,000. இந்த மாதிரி மூணு ட்ரிப் கடன் இல்லாம போயிட்டு வரலாம்.

அந்த 2,000ங்கிற நம்பரைச் சொன்னது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் நான் குரூப்ல சொல்லலை. ஆனா ஒண்ணு சொல்லலாம், அது அவன் இல்லை. 17,000 வாங்கிட்டிருந்தவன் இப்போ நல்ல வேலையில இருக்கான். இந்தத் தடவை கை இறுக்கமா இருந்தது வேற ஒருத்தனுக்கு, நாங்க யாரும் எதிர்பார்க்காத ஆளுக்கு. தனியா கேட்டிருக்கலைன்னா அது எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

உங்க கேங்ல இந்த மாதிரி பிளான் யார் போடுறாங்களோ அவங்களுக்கு இதை அனுப்புங்க. உங்க கடைசி ட்ரிப்ல டிக்கெட் எவ்வளவு, மொத்தச் செலவு எவ்வளவுன்னு கணக்குப் போட்டு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!