முடிவுக்கு முன்பா, பின்பா?

1962 அக்டோபர் 22. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அமெரிக்க அதிபர் கென்னடி அன்று இரவு தொலைக்காட்சியில் அறிவிக்க இருந்தார். அதற்குச் சில மணி நேரம் முன்பு, முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் அச்செசன் உளவு விமானம் எடுத்த படங்களோடு பாரிஸில் பிரெஞ்சு அதிபர் டி காலைச் சந்தித்தார். டி கால் முதலில் கேட்டது ஏவுகணைகளைப் பற்றி அல்ல. யோசனை கேட்க வந்திருக்கிறீர்களா, எடுத்த முடிவைச் சொல்ல வந்திருக்கிறீர்களா என்றுதான் கேட்டார். சொல்லத்தான் வந்தேன் என்று அச்செசன் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த நெருக்கடியில் டி கால் அமெரிக்காவின் பக்கமே நின்றார். ஆனால், தன்னைக் கேட்காமல் வாஷிங்டன் எடுக்கும் முடிவு ஒருநாள் ஐரோப்பாவைப் போரில் இழுத்துவிடும் என்ற அவரது பழைய சந்தேகம் அத்தோடு வலுத்தது. 1966-இல் நேட்டோவின் கூட்டு ராணுவத் தலைமையிலிருந்து பிரான்ஸ் விலகியதற்குக் காரணங்கள் பல. அந்தச் சந்தேகமும் அவற்றில் ஒன்று.

நேச நாடுகளின் கலந்தாலோசனை என்று நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். 1949-இல் கையெழுத்தான நேட்டோ ஒப்பந்தத்தில் அதற்கென்றே நான்காவது பிரிவு இருக்கிறது. தன் எல்லைக்கோ சுதந்திரத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று ஓர் உறுப்பு நாடு கருதினால், எல்லாரும் கூடிப் பேச வேண்டும். ரஷ்ய டிரோன்கள் வான்வெளிக்குள் புகுந்தபோது, 2025 செப்டம்பரில் போலந்து இந்தப் பிரிவைத்தான் கையில் எடுத்தது. ஆபத்து வந்தால் கூடிப் பேசச் சொல்லும் இந்தப் பிரிவு, ஓர் உறுப்பு நாடே பெரிய முடிவொன்றை எடுக்கப்போகும்போது மற்றவர்களிடம் எந்தக் கட்டத்தில் பேச வேண்டும் என்று சொல்லவில்லை. நேச நாடுகளுக்கிடையே வந்த பெரிய மனக்கசப்புகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த இடைவெளியை அடைக்க 1956-இல் ஒரு முயற்சி நடந்தது. கனடாவின் லெஸ்டர் பியர்சன், நார்வேயின் ஹால்வார்ட் லாங்கே, இத்தாலியின் கெய்தானோ மார்த்தினோ ஆகிய மூன்று வெளியுறவு அமைச்சர்களிடம் நேட்டோ ஓர் அறிக்கை கேட்டது. தகவல் பரிமாறுவதோ, எடுத்து முடித்த முடிவை வந்து சொல்வதோ ஆலோசனை ஆகாது. கொள்கை உருவாகும்போதே, ஒவ்வொரு நாட்டின் நிலைப்பாடும் இறுகுவதற்கு முன்பே பேச வேண்டும் என்பது அவர்கள் தந்த அறிக்கையின் சாரம்.

அறிக்கை தயாராகிக்கொண்டிருந்த அதே ஆண்டில்தான் அதற்கு நேர்மாறான காரியமும் நடந்தது. சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் நாசர் ஜூலையில் நாட்டுடைமையாக்கியிருந்தார். அக்டோபர் 22 முதல் 24 வரை பாரிஸை அடுத்த செவ்ர் நகரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் பிரதிநிதிகள் ரகசியமாகக் கூடினார்கள். இஸ்ரேல் தாக்கும், சண்டையை விலக்குவதாகச் சொல்லிக்கொண்டு மற்ற இரண்டும் உள்ளே நுழையும். இதுதான் திட்டம். இது எழுத்தில் பதிவாகிவிட்டதை அறிந்த பிரிட்டிஷ் பிரதமர் ஈடன், எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி அதிகாரிகளைத் திரும்பவும் பாரிஸுக்கு அனுப்பினார். பிரெஞ்சுக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். அமெரிக்காவிடம் யாரும் மூச்சுவிடவில்லை. அமெரிக்க அதிபர் ஐசனோவர் தேர்தல் பரபரப்பில் இருக்கிறார், முடிந்த காரியத்தை ஏற்றுக்கொள்வார் என்பது லண்டனின் கணக்கு. அவரோ பவுண்டு சரிந்துகொண்டிருந்த வேளையில் பிரிட்டனுக்குக் கை கொடுக்க மறுத்தார். நவம்பர் 6-ஆம் தேதி போர் நிறுத்தம். ஜனவரியில் ஈடன் பதவி விலகினார். முன்கூட்டிக் கேட்டிருந்தால் ஐசனோவர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். லண்டன் கேட்காமல் விட்டதும் அதனால்தான். ஆனால், அந்த மறுப்பைப் படை இறங்குவதற்கு முன்பே கேட்டிருந்தால் இழப்பு குறைந்திருக்கும்.

ரகசியமும் வேகமும் தேவைப்படும் காரியத்தில் ஊரைக் கூட்டிப் பேச முடியுமா என்று கேட்கலாம். கியூபா நெருக்கடிக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும், ஓரளவுதான். படங்கள் அதிபரின் கைக்கு வந்தது அக்டோபர் 16-ஆம் தேதி. இடையில் ஆறு நாள் இருந்தது. அதைவிட, நெருக்கடியைத் தீர்க்கத் துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்ற ரகசியமாக ஒப்புக்கொண்டபோது, துருக்கியிடமே கேட்கவில்லை. 2021-இல் ஆக்கஸ் கூட்டணி விவகாரத்தில் அவசரம் என்ற சாக்குக்கே இடமில்லை. பிரான்சிடம் 12 நீர்மூழ்கிக் கப்பல்கள் வாங்கும் திட்டத்தை ஆஸ்திரேலியா கைவிட்டு, அமெரிக்கா, பிரிட்டனுடன் சேர்ந்து அணுசக்தி நீர்மூழ்கிகளுக்கு மாறியது. அந்த அறிவிப்புக்கு இரண்டே வாரம் முன்பு, ஆகஸ்ட் 30-ஆம் தேதி, ஆஸ்திரேலிய, பிரெஞ்சு அமைச்சர்கள் வெளியிட்ட கூட்டறிக்கை பழைய திட்டத்தின் முக்கியத்துவத்தை வலியுறுத்தியிருந்தது! பாரிஸ் தன் தூதர்களை வாஷிங்டனிலிருந்தும் கான்பெராவிலிருந்தும் திரும்ப அழைத்தது. மறு ஆண்டு ஆஸ்திரேலியா 55.5 கோடி யூரோ கொடுத்து அந்தக் கணக்கைத் தீர்த்தது. முடிவு சரியா தவறா என்பது வேறு வழக்கு. பிரான்ஸ் கோபப்பட்டது ஏமாற்றப்பட்டதற்காகவும்தான்.

பேசினால் மட்டும் ஒற்றுமை வந்துவிடுமா என்ற கேள்வி இன்னும் கனமானது. 2003 பிப்ரவரியில் இராக் போருக்கு முன் துருக்கி நான்காவது பிரிவின்படி உதவி கேட்டது. பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் முட்டுக்கட்டை போட்டன. பிரான்ஸ் இடம்பெறாத நேட்டோ ராணுவத் திட்டக் குழுவுக்கு விஷயத்தைக் கொண்டுபோய்த்தான் வழி கண்டார்கள். போரையும் அந்தப் பேச்சு தடுக்கவில்லை. ஆனால் யார் கூட வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது முதல் குண்டு விழும் முன்பே வாஷிங்டனுக்குத் தெரிந்திருந்தது. ஆலோசனை சம்மதத்துக்கு உத்தரவாதம் அல்ல. கிடைக்கப்போகும் எதிர்ப்பை முன்கூட்டியே கணக்கில் சேர்க்க அது உதவும், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் போதும் என்றும் நம்ப முடியாது. அமெரிக்காவும் ஜப்பானும் 1960-இல் அப்படித்தான் எழுதிக்கொண்டன: படை நிலைகொள்ளலிலும் ஆயுதங்களிலும் பெரிய மாற்றம் செய்வதற்கும், ஜப்பானிய மண்ணிலுள்ள தளங்களிலிருந்து நேரடிப் போர் நடவடிக்கையில் இறங்குவதற்கும் முன்கூட்டிய ஆலோசனை கட்டாயம். ஆனால், வியட்நாம் போர்க்காலம் முழுவதும் அந்தத் தளங்கள் அத்தகைய ஆலோசனை இல்லாமலே ஓய்வின்றி இயங்கின. 1971-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா செல்லப்போகும் செய்தியும் ஜப்பானியப் பிரதமர் சாட்டோவுக்கு அறிவிப்புக்குச் சற்று முன்புதான் எட்டியது. அதற்கு மேல், அணு ஆயுதம் தாங்கிய கப்பல்கள் துறைமுகத்துக்கு வருவதை ஆலோசனைக்கு உட்படுத்தாமல் இரு அரசுகளும் மறைமுகமாக விட்டுவைத்தன என்பதை 2010-இல் ஜப்பான் அரசே அமைத்த நிபுணர் குழு வெளிக்கொண்டுவந்தது. 1960-இல் எழுதிய அந்த முன்கூட்டிய ஆலோசனை இத்தனை ஆண்டுகளில் முறைப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை.