எழுத்துப்பிழையைத் திருத்துவதில் உள்ள வேலை

திறந்த மூல மென்பொருள்களின் ஆவணங்களைப் பெரும்பாலும் நிரலாளர்களே எழுதுகிறார்கள். நிரலில் ஓர் எழுத்து பிசகினால் கணினி உடனே மறுத்துவிடும். ஆவணத்தில் பிசகினால் எதுவும் நின்றுபோகாது. அதனால்தான் 'ரிசீவ்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'இ'யும் 'ஐ'யும் இடம் மாறியபடியே ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

இத்தகைய பிழைகளைத் தேட வழக்கமான எழுத்துச் சரிபார்ப்பி உதவாது. அகராதியில் இல்லாத சொல்லையெல்லாம் அது பிழை என்கிறது. தொழில்நுட்ப ஆவணத்திலோ கட்டளைப் பெயர்கள், கோப்புப் பெயர்கள் என்று பாதிச் சொற்கள் அகராதிக்கு வெளியே இருப்பவை. 'கோட்ஸ்பெல்' என்ற கருவி இதைத் தலைகீழாகச் செய்கிறது: மக்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை மட்டும் பட்டியலிட்டு அவற்றையே தேடுகிறது. லினக்ஸ் கெர்னலிலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு; டெபியனின் 'லின்ட்டியன்' கருவியிலிருந்து வந்தது. வரிக்கு ஒரு தவறு, இரண்டு செங்குத்துக் கோடுகள், பிறகு சரியான வடிவம். எளிமையான ஏற்பாடுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வேலையை ஒப்படைக்கக் கூடியதல்ல. நிரலாளர் ஒரு மாறிக்கு வைத்த இரண்டெழுத்துப் பெயர்கூடத் தவறுகளின் பட்டியலில் இருக்கலாம்.

சில பிழைகளைத் தொடவே கூடாது. ஒரு பக்கத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று உலாவி சொல்லும் 'ரெஃபரர்' தலைப்பில் நடுவில் இருக்க வேண்டிய இரண்டு 'ஆர்'களில் ஒன்று இல்லை. 1996இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. இன்று அதைத் திருத்தி எழுதும் ஆவணம்தான் பிழையான ஆவணம். யூனிக்ஸில் கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' அழைப்பின் கடைசி 'இ'யும் அப்படியே காணாமல் போனதுதான்.

திருத்தத்தை அனுப்பும் முறை திட்டத்துக்குத் திட்டம் மாறும். கிட்ஹப் தளத்தில் 'புல் ரிக்வெஸ்ட்', அதாவது மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை. கெர்னலுக்கோ மின்னஞ்சலில் 'பேட்ச்' என்ற மாற்றக் கோப்பு, அதில் அனுப்புபவரின் ஒப்புதல் வரியும் இருக்க வேண்டும். எதுவானாலும் இன்னொருவர் படித்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். இப்படிப் படித்துப் பார்ப்பதற்கு ஆகும் உழைப்பு 2020 அக்டோபரில் வெட்டவெளிச்சமாயிற்று. நான்கு புல் ரிக்வெஸ்டுக்கு ஒரு டி-ஷர்ட் என்று டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்திய 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்'டில், அறிமுகக் கோப்புகளில் வெறும் புகழுரை சேர்க்கும் 'திருத்தங்கள்' குவிந்தன. மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதி மாற்றப்பட்டது. டி-ஷர்ட்டுக்கு இவ்வளவு வலிமை இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலும்.

மொழிபெயர்ப்பு உள்ள திட்டங்களில் விளைவு இன்னும் தூரம் போகும். 'கெட்டெக்ஸ்ட்' முறையில் ஆங்கில மூல வரிதான் மொழிபெயர்ப்பைத் தேடும் சாவி. மூலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த வரிக்கான தமிழ், ஜெர்மன், ஜப்பானிய மொழிபெயர்ப்புகள் எல்லாம் 'ஃபஸ்ஸி', அதாவது மறுபார்வை தேவை என்று குறிக்கப்படும். பொருள் மாறாவிட்டாலும், ஒவ்வொரு மொழிக்காரரும் அந்தக் குறியை நீக்கும்வரை பயனர் காண்பது ஆங்கிலம்தான். அதனால் ஜினோம் போன்ற திட்டங்களில் வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் வரிகள் உறையவைக்கப்படும். அதன்பின் திரையில் தெரியும் ஓர் எழுத்தைத் திருத்தவும் மொழிபெயர்ப்புக் குழுவின் இசைவு வேண்டும்.